சம்பளம் யாருடையது? கத்தோலிக்கத் துறவற சபைகளின் பொருளும் இயல்பும்

2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 93 மனுக்களைக் கொண்ட ஒரு தொகுப்பைத் தள்ளுபடி செய்தது. அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆசிரியராக வேலை பார்க்கும் கத்தோலிக்க அருட்சகோதரிகளுக்கும் அருள்தந்தையருக்கும், மற்ற ஆசிரியர்களுக்குப் போலவே, சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் வழங்கிய தீர்ப்பு அதன் மூலம் நிலைபெற்றது. செய்தி வெளியானதும் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. 'இத்தனை ஆண்டுகளாக மதத்தைக் காட்டி வரி கட்டாமல் இருந்தார்களா?' என்பது ஒன்று. 'எல்லாவற்றையும் துறந்தவரிடம் போய் வரி கேட்பதா?' என்பது மற்றொன்று. இரு தரப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மாதக் கடைசியில் ஓர் அருட்சகோதரியின் பெயரில் வங்கிக்கு வரும் அந்தச் சம்பளம் யாருடையது? துறவற சபை என்றால் என்ன, அதில் சேர்பவர் எதைக் கொடுத்துவிடுகிறார், எதைக் கொடுக்க இயலாது என்பது தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

1. 'சபை' என்ற சொல்

தமிழில் 'சபை' என்ற சொல்லுக்குச் சுமை அதிகம். சீர்திருத்தத் திருச்சபையினர் 'எங்கள் சபை' என்றால் ஞாயிற்றுக்கிழமை கூடும் விசுவாசிகளின் குழுவைக் குறிக்கிறார்கள். 'திருச்சபை' என்பது கிறிஸ்தவர் அனைவரையும் சேர்த்துச் சொல்வது. (மயிலாப்பூர் மார்கழி சபாக்களை இங்கே இழுக்க வேண்டியதில்லை.) ஆனால் ஒரு கத்தோலிக்கர் 'நீங்க எந்தச் சபை, சிஸ்டர்?' என்று கேட்கும்போது, அவர் கேட்பது துறவற சபையை.

1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 607-ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. அதன்படி மூன்று கூறுகள் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் பொதுவான, அதாவது திருச்சபையின் முன்னிலையில் ஏற்கப்படும் வார்த்தைப்பாடுகளை (கடவுளுக்குத் தரும் உறுதிமொழிகளை) கொடுக்க வேண்டும். உடன்பிறப்புகளைப் போல ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும். தங்கள் சபையின் தன்மைக்கும் நோக்கத்துக்கும் ஏற்ற அளவில் உலகிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

துறவு வேறு, குருத்துவம் வேறு என்பதையும் இங்கேயே பிரித்துவைப்பது நல்லது. பங்குக் கோவிலில் நாம் பார்க்கும் சாமியார் பெரும்பாலும் மறைமாவட்டக் குரு, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவர். மணம் செய்வதில்லை என்ற உறுதியையும் தம் ஆயருக்குக் கீழ்ப்படிவேன் என்ற வாக்கையும் அவர் கொடுத்திருக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் அல்லர். அவர் பெயரில் நிலம் இருக்கலாம், மோட்டார் சைக்கிள் இருக்கலாம், சேமிப்புக் கணக்கும் இருக்கலாம். மறுபுறம், ஓர் அருட்சகோதரி முழுமையான துறவி, ஆனால் குரு அல்லர். துறவற நிலை தன் இயல்பில் குருநிலையும் அல்ல, பொதுநிலையும் அல்ல என்று சட்டத்தொகுப்பே 588-ஆம் பிரிவில் சொல்கிறது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. மறைந்த திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் இயேசு சபைக் குருவாக இருந்தவர். 2025 மே மாதம் தேர்வான திருத்தந்தை 14-ஆம் லியோ அகுஸ்தினார் சபையைச் சேர்ந்தவர். 2001 முதல் 2013 வரை அச்சபையின் உலகத் தலைவராக இருந்தவர்.

ஆகவே 'எல்லாவற்றையும் துறந்தவர்' என்ற வாதம், சரியாகச் சொன்னால், சாமியார்கள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. துறவற சபையினருக்கு மட்டுமே அது பொருந்தும்.

2. வார்த்தைப்பாடு என்னும் கட்டு

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்றும் எல்லாச் சபைகளுக்கும் பொது. சில சபைகள் நான்காவது ஒன்றையும் சேர்க்கின்றன. மறைபரப்புப் பணிக்குத் திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் செல்வேன் என்பது இயேசு சபையின் நான்காவது வார்த்தைப்பாடு. பரம ஏழைகளுக்கு முழுமனதுடன் இலவசமாகத் தொண்டு செய்வேன் என்பது அன்னை தெரசாவின் சபையினுடையது.

நித்திய வார்த்தைப்பாட்டுத் திருப்பலியை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டின் கனம் புரியும். பாடற்குழு புனிதர்களின் மன்றாட்டு மாலையை ஒவ்வொரு பெயராகப் பாட, கோவில் நிறைந்த மக்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்ல, வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறவர் பீடத்துக்கு முன்னே தரையில் முகம் பதிய விழுந்து கிடக்கிறார். எழுந்த பின் சபைத் தலைவியின் முன்னிலையில் தன் வார்த்தைப்பாட்டு வாசகத்தை உரக்கப் படித்து, பீடத்தின் மேல் வைத்து அந்தத் தாளில் கையெழுத்திடுகிறார். முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

சடங்கின் உருக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், சட்ட நோக்கில் முக்கியமான நொடி அந்தத் தலைவி 'திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லும் நொடி. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று ஒருவர் வேண்டிக்கொள்வதும் நேர்ச்சைதான். ஆனால் அது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான தனிப்பட்ட நேர்ச்சை. துறவியின் வார்த்தைப்பாட்டை அதிகாரம் பெற்ற ஒருவர் திருச்சபையின் பெயரால் ஏற்பதால் அது பொதுவானதாகிறது. பொதுவானதால் அதற்குச் சட்ட விளைவுகள் உண்டாகின்றன. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவர் விலக்குப் பெறாமல் செய்துகொள்ளும் திருமணம், திருச்சபைச் சட்டத்தின்படி செல்லாது.

கீழ்ப்படிதல் என்பதை வெளியார் பெரும்பாலும் பணிவு என்ற குணமாகப் புரிந்துகொள்கிறார்கள். நடைமுறையில் அது ஒரு கடிதமாக வருகிறது. பத்து ஆண்டுகள் ஒரே பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர், சபையின் ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பான மாநிலத் தலைவியிடமிருந்து வரும் ஒரு பக்கக் கடிதத்தின் பேரில், ஒரு பெட்டியுடன் வேறு மாவட்டத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

3. உள்ளே செல்லும் படிகள்

பத்தாம் வகுப்பு முடித்தவுடன் 'சிஸ்டராகிவிட்டாள்' என்று ஊரில் சொல்வது வழக்கு. உண்மையில் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு படியின் முடிவிலும் இரு தரப்பும் வேண்டாம் என்று சொல்லலாம்.

1. ஆயத்த நிலை. சபை இல்லத்தில் தங்கிப் படிப்பதும் பழகுவதும். இதன் கால அளவைச் சபையே முடிவு செய்கிறது. இன்னும் எந்தக் கட்டும் இல்லை.

2. நவதுறவு. 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம், மிகுந்தால் 2 ஆண்டு. வெளிப்படிப்பும் வேலையும் இல்லாமல் சபையின் ஒழுங்குநூலையும் வேண்டுதல் முறையையும் கற்கும் காலம்.

3. தற்காலிக வார்த்தைப்பாடு. 3 முதல் 6 ஆண்டு வரை. தேவைப்பட்டால் நீட்டிக்கலாம், மொத்தம் 9 ஆண்டைத் தாண்டக்கூடாது. காலம் முடிந்ததும் ஒருவர் எந்தக் குற்றமும் இல்லாமல் வெளியேறலாம்.

4. நித்திய வார்த்தைப்பாடு. குறைந்தது 21 வயது. இதன் பிறகு வெளியேற மேலிடத்தின் விலக்கு வேண்டும்.

இந்தப் படிகளின் ஓரத்தில் சொத்து பற்றிய இரண்டு கடமைகள் உள்ளன. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன், தமக்குச் சொந்தமான பொருள்களின் நிர்வாகத்தை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னதாகவேனும் உயில் எழுத வேண்டும். அந்த உயில் நாட்டின் உரிமையியல் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும் என்று 668-ஆம் பிரிவு தனியே குறிப்பிடுகிறது. இந்தச் சிறு சொற்றொடர் பின்னால் தேவைப்படும்.

4. சபைகள் வந்த வழி

4-ஆம் நூற்றாண்டு எகிப்துப் பாலைவனத்தில் தனித்தும் கூடியும் வாழ்ந்தவர்களிடமிருந்து துறவறம் தொடங்குகிறது. மேற்கு ஐரோப்பாவில் அதற்கு அழியாத வடிவம் கொடுத்தது 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல். அதில் 33-ஆம் அதிகாரம் தனிச்சொத்தைப் பற்றியது. துறவி எதையும் தனது என்று வைத்திருக்கக்கூடாது. புத்தகமோ எழுதுபலகையோ எழுத்தாணியோ கூட ஆகாது என்கிறது அது. ஆனால் மடத்துக்குச் சொத்து இருக்கலாம். ஆள் ஏழை, மடம் ஏழையல்ல. பெனடிக்ட் மடங்கள் காலப்போக்கில் பெரும் நிலக்கிழார்கள் ஆனதற்கு இதில் தடை ஒன்றும் இல்லை.

13-ஆம் நூற்றாண்டில் அசிசி நகர் பிரான்சிஸ் இந்த ஏற்பாட்டைத்தான் மறுத்தார். சபையும் ஏழையாகவே இருக்க வேண்டும் என்றார். 1223-இல் உறுதிசெய்யப்பட்ட அவரது ஒழுங்குநூல், சகோதரர்கள் நேரடியாகவோ இன்னொருவர் மூலமாகவோ நாணயத்தைப் பெறக்கூடாது என்கிறது. இரந்துண்டு ஊர் ஊராகச் சென்ற இவர்களும், 1216-இல் அங்கீகாரம் பெற்ற தோமினிக்கன் சபையினரும் மடத்தின் மதிலைவிட்டுத் தெருவுக்கு வந்த முதல் பெரிய சபைகள்.

ஆனால் தெருவில் இருந்தாலும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், ஒரு கூரையும் வேண்டும். தனிமனிதனுக்கும் சொந்தமில்லை, சபைக்கும் சொந்தமில்லை என்றால் அந்தக் கூரை யாருடையது? திருத்தந்தையர் ஒரு வழி கண்டார்கள்: உரிமை திருத்தந்தையின் தலைமை ஆட்சியான திருப்பீடத்துடையது, பயன்பாடு மட்டும் பிரான்சிஸ்கன் சகோதரர்களுடையது. 1279-இல் மூன்றாம் நிக்கோலாஸ் இதை ஆணையாகவே உறுதிப்படுத்தினார். 1322-இல் 22-ஆம் யோவான் இதைக் கலைத்தார். வீட்டில் உரிமையையும் பயன்பாட்டையும் பிரிக்கலாம். ஒருவர் தின்று தீர்க்கும் அப்பத்தில் அதை எப்படிப் பிரிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். வாயில் போட்ட கவளத்துக்கு உரிமையாளர் ரோமையில் இருக்கிறார் என்பது வெறும் பெயரளவு ஏற்பாடு என்று அவர் கருதினார். புதுதில்லியில் 2024-இல் பேசப்பட்டது சம்பளம், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோனில் 1322-இல் பேசப்பட்டது அப்பம். கேள்வி என்னவோ ஒன்றுதான்.

பெண்கள் சபைகளின் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1566-இல் ஐந்தாம் பயஸ், வார்த்தைப்பாடு கொடுத்த பெண் துறவியர் அனைவரும் அடைப்பு மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கம்பிக்குப் பின்னால் இருப்பவர் பள்ளி நடத்துவதும் நோயாளி வீட்டுக்குச் செல்வதும் எப்படி? பிரான்சில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் 1633-இல் தொடங்கிய அன்புப் புதல்வியர் குழு இதைத் தந்திரமாகக் கடந்தது. பொது வார்த்தைப்பாடு இல்லாமல், ஆண்டுதோறும் தனிப்பட்ட முறையில் புதுப்பிக்கும் வாக்குகளோடு அது இயங்கியது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் துறவியரே அல்லர், ஆகவே அடைப்பும் இல்லை. அந்த வழியில் பெருகிய எத்தனையோ பெண்கள் குழுக்களைத் துறவற சபைகள் என்று திருச்சபை முழுமையாக ஏற்க 1900-இல் 13-ஆம் லியோவின் ஆணை வரை காலம் பிடித்தது. நம் ஊர்ப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் பெண்கள் சபைகளில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. பாண்டிச்சேரியில் 1844-இல் துபுயி அடிகள் பெண் கல்விக்காகத் தொடங்கிய மரியாவின் மாசற்ற இருதயச் சகோதரிகள் சபை அவற்றுள் பழைமையானது.

நமது வழக்குக்கு இன்னும் நெருக்கமான சபை ஒன்று உதகமண்டலத்தில் பிறந்தது. எலேன் தெ ஷாப்பொத்தேன் என்ற பிரெஞ்சுத் துறவி 1865-இல் வேறொரு சபையின் உறுப்பினராக மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தார். சபைக்குள் எழுந்த பிணக்கில் 1876-இல் அவரும் இன்னும் சிலரும் அதைவிட்டு விலகி உதகையில் கூடினார்கள். மறு ஆண்டு சனவரி 6 அன்று ஒன்பதாம் பயஸின் அனுமதியுடன் புதிய சபை ஒன்று உருவானது. சில ஆண்டுகளில் அது பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைந்தது. எஃப்.எம்.எம். என்று இன்று பல நாடுகளில் அறியப்படும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை அதுவே. உச்ச நீதிமன்றத்தில் வரி வழக்கு இந்தச் சபையின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. நாணயத்தைத் தொடாதே என்ற பிரான்சிஸின் வழிவந்தவர்கள் சம்பளக் கணக்குக்காக நீதிமன்றம் ஏற நேர்ந்ததைக் காலத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

துறவற வார்த்தைப்பாடு இல்லாமல் ஒன்றாக வாழ்ந்து பணி செய்யும் அமைப்புகளும் உள்ளன. அவற்றைத் திருத்தூதுப் பணிக் குழுமங்கள் என்பர். பாண்டிச்சேரி மறைமாவட்டத்தை வளர்த்த பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தின் குருக்கள் இந்த வகை. அன்புப் புதல்வியரும் இன்று இவ்வகையிலேயே வைக்கப்படுகிறார்கள்.

5. யார் கட்டளை செல்லும்?

ஒரு சபை ஓர் ஆயரின் அங்கீகாரத்தால் தொடங்கினால் அது மறைமாவட்ட உரிமை பெற்றது. திருப்பீடமே அங்கீகரித்தால் திருத்தந்தை உரிமை பெற்றது. தன் உள்விவகாரங்களில் அது உள்ளூர் ஆயருக்குக் கட்டுப்பட்டதல்ல. அன்னை தெரசாவின் சபை 1950 அக்டோபர் 7 அன்று கல்கத்தா உயர்மறைமாவட்டத்தின் அளவில் தொடங்கி, 1965-இல் திருத்தந்தை உரிமை பெற்றது. கல்கத்தாவைத் தாண்டி உலகெங்கும் இல்லங்கள் எழ அந்த மாற்றம் வழிதிறந்தது.

ஒரு பள்ளி வளாகத்தில் 'இது பிஷப் பள்ளியா, சிஸ்டர் பள்ளியா?' என்று ஊரார் கேட்பதில் உள்ள நுட்பம் இதுதான். சபைக்குச் சொந்தமான பள்ளியை ஆயர் விற்க முடியாது. மறைமாவட்டப் பள்ளியில் பணிபுரியும் சகோதரிகளை அவர்களின் மாநிலத் தலைவி திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

இந்த அதிகார அடுக்கு மதுரையில் ஒருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்து, புலால் நீக்கி, சந்நியாசியாக வாழ்ந்தார். கோவா பேராயர் அதை எதிர்த்தார். கொடுங்களூர் பேராயர் ஆதரித்தார். அவரும் இயேசு சபைக்காரர். இறுதியில் 1623-இல் 15-ஆம் கிரகோரி ரோமையிலிருந்து நோபிலிக்குச் சாதகமாக முடிவு சொன்னார்.

ஆனால் மேலிடம் தந்த வாழ்வை மேலிடமே பறிக்கவும் முடியும். 1773-இல் 14-ஆம் கிளமெண்ட் இயேசு சபையை முற்றிலும் கலைத்தார். அதன் உறுப்பினர்கள் குருக்களாக நீடித்தார்கள், ஆனால் சபை என்ற ஒன்று இல்லை. தமிழகத்தில் அவர்கள் நடத்திய பணித்தளங்கள் பாரிஸ் சங்கத்தின் கைக்கு மாறின. 1814-இல் சபை மீண்டும் நிறுவப்பட்டது. 1830-களின் இறுதியில்தான் இயேசு சபையினர் மதுரைக்குத் திரும்பினார்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் சென்னை இலயோலாவும் இந்த இரண்டாம் வருகையின் விளைவுகள்.

6. ஏழ்மை, கணக்குப் புத்தகத்தில்

வார்த்தைப்பாடுகளில் மாண்பார்ந்த (solemn) வார்த்தைப்பாடு, எளிய (simple) வார்த்தைப்பாடு என்ற பிரிவு உண்டு. பழைய பெரிய சபைகளில் முதல் வகையைக் கொடுப்பவர் தம் பொருள்கள் அனைத்தையும் முழுமையாகத் துறக்கிறார்; பொருளை ஈட்டவும் வைத்திருக்கவுமான தகுதியையே திருச்சபைச் சட்டத்தில் இழக்கிறார். எளிய வார்த்தைப்பாடு கொடுப்பவருக்கு, எடுத்துக்காட்டாக அப்பா எழுதிவைத்த இரண்டு ஏக்கரின் மீது, பெயரளவில் உரிமை இருக்கும். அதை நிர்வகிக்கவும் அனுபவிக்கவும் முடியாது. இரு வகையினருக்கும் பொதுவான விதி, துறவி தம் உழைப்பாலும் சபையை முன்னிட்டும் பெறுவதெல்லாம் சபைக்கே பெறுவதாகும் என்பது. ஓய்வூதியமும் காப்பீட்டுத் தொகையும்கூட, சபையின் தனிச்சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, அப்படியே.

அரசுச் சம்பளம் வாங்கும் சகோதரி அதை மடத்தின் பொருளாளரிடம் சேர்க்கிறார். வீட்டில் ஒரு திருமணத்துக்குப் போக வேண்டுமானால் தலைவியிடம் அனுமதியும் பொருளாளரிடம் பேருந்துக் காசும் கேட்டு வாங்கிச் செல்கிறார். திரும்பி வந்ததும் மீதிச் சில்லறையும் கணக்கும் கொடுக்கிறார். 80,000 ரூபாய் சம்பளம் வாங்கும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியைக்கும், சமையலறையைக் கவனிக்கும் சகோதரிக்கும் தட்டில் விழுவது ஒரே சோறு. சபையின் உள்ளே இருந்து பார்ப்பவர்களுக்கு 'என் சம்பளம்' என்ற சொல்லே பொருளற்றதாகப் படுவது இதனால்தான்.

7. நாட்டின் சட்டம் பார்ப்பது

வருமான வரித்துறையின் 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றும் 1977-ஆம் ஆண்டு விளக்கம் ஒன்றும், மறைப்பணியாளர்கள் பெற்றுத் தங்கள் சபைக்கே ஒப்படைக்கும் தொகைக்கு வரி இல்லை என்று சொல்லியிருந்தன. அதனால் பல பத்தாண்டுகள் சம்பளத்தில் பிடித்தம் நடக்கவில்லை. ஆகவே 'ஏய்ப்பு' என்ற சொல் பொருந்தாது. வரித்துறையே அப்படிப் படித்திருந்தது. 2014 டிசம்பரில் துறை தன் நிலையை மாற்றியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சபைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கேரள உயர் நீதிமன்றமும் பிடித்தம் சரி என்றே முடிவு செய்தது.

சபைகளின் வாதத்தைப் படிப்படியாக இப்படி வைக்கலாம்.

1. நித்திய ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் 'உரிமையியல் மரணம்' அடைந்தவர், அதாவது சட்டத்தின் கண்ணில் இறந்தவர். இந்து சந்நியாசியை முன்னைக் குடும்பத்திலிருந்து அறுபட்டவராக நம் நீதிமன்றங்கள் நீண்டகாலமாகக் கருதிவந்துள்ளன. துறவற அமைப்பில் சேர்வது பொதுவாக உரிமையியல் மரணத்துக்கு ஒப்பானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

2. ஆகவே சம்பளம் தொடக்கத்திலிருந்தே சபையின் வருமானம். சகோதரியின் பெயர் அது கடந்துபோகும் ஒரு வாய்க்கால் மட்டுமே.

3. ஆகவே தனிமனிதச் சம்பளமாகக் கருதி அதில் வரி பிடிக்கக்கூடாது.

இதில் இரண்டாம் படியே வழக்கின் கழுத்து. வரிச் சட்டத்தில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவர் கைக்கு வருமுன்னரே, மேலான உரிமையால், வருமானம் வேறு ஒருவருக்குத் திரும்பிவிட்டால் அது அவருடைய வருமானமே அல்ல. கைக்கு வந்த பிறகு அதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தால், அந்தக் கடமை எவ்வளவு புனிதமானதாயினும், அது வருமானத்தைச் செலவிடும் முறைதான். ஆசிரியர் பணிக்குத் தகுதி பெற்றவர் அந்தச் சகோதரி. நியமன ஆணை அவர் பெயரில். அரசு சம்பளம் கொடுப்பது அவர் செய்யும் வேலைக்கு. சபைக்கும் அரசுக்கும் இடையே ஊதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனவே இது இரண்டாம் நிலை என்று உயர் நீதிமன்றம் கொண்டது. பழைய சுற்றறிக்கை சொன்னது 'கட்டணம்' பற்றி, சம்பளம் பற்றி அல்ல என்றும் பிரித்தது. திருச்சபைச் சட்டம் உறுப்பினரின் உள்வாழ்வை ஆளலாம். சம்பளம் வழங்குபவர் வரி பிடிக்க வேண்டும் என்ற 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவை அது மீற முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அமர்வின் பார்வையும் இதுவே: சம்பளத்தை வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவது ஒருவர் விருப்பம், அதனால் அது சம்பளம் இல்லை என்று ஆகிவிடாது.

சபைகளின் தரப்பில் நேர்மையான ஒரு தர்க்கம் இருக்கிறது என்றாலும், இந்த முடிவு சரி என்றே படுகிறது. காரணத்தை அவர்களின் சட்டத்தொகுப்பே தருகிறது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதும் உயில் நாட்டுச் சட்டப்படியும் செல்ல வேண்டும் என்று 668-ஆம் பிரிவு கேட்பதை மேலே பார்த்தோம். வார்த்தைப்பாட்டோடு ஒருவர் நாட்டின் கண்ணிலும் இறந்துவிடுவதாக இருந்தால், அவர் உயிலுக்கு அந்த எச்சரிக்கை எதற்கு? திருச்சபைச் சட்டம் கேட்பது திருச்சபைக்குள்ளான மரணத்தை. அரசின் பதிவேட்டில் அந்தப் பெயர் உயிரோடுதான் இருக்கும் என்பது அதற்கு முன்பே தெரியும்.

8. இதிலிருந்து வருபவை

பணக் கணக்கில் இதன் சுமை இன்று பலருக்குக் குறைந்திருக்கிறது. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் சம்பளதாரர்களுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் பெறும் மூத்த ஆசிரியைகளும் கல்லூரிப் பேராசிரியர்களுமே உண்மையில் வரிக்குள் வருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை சபைக்குச் செல்லும் தொகை பிடித்தம் போக மீதி.

வாரிசுரிமையில் விளைவு வேறு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், துறவறம் பூண்ட மகளையோ மகனையோ பங்கிலிருந்து நீக்கும் பிரிவு எதுவும் இல்லை. உரிமையியல் மரணம் என்ற கோட்பாடு ஏற்கப்பட்டிருந்தால், 'அக்கா மடத்துக்குப் போய்விட்டாள், அவளுக்குப் பங்கு இல்லை' என்று சொல்லக் காத்திருக்கும் சகோதரர்களுக்கு அது நல்ல ஆயுதமாக இருந்திருக்கும்.

மூன்றாவது, வெளியேறுபவரைப் பற்றியது. சபையைவிட்டு விலகுபவரோ விலக்கப்படுபவரோ, உள்ளே இருந்த காலத்தில் செய்த எந்த வேலைக்கும் ஈடு கேட்க முடியாது என்கிறது 702-ஆம் பிரிவு. சபை அவரிடம் நியாயத்துடனும் அன்புடனும் நடக்க வேண்டும் என்று அடுத்த வரியில் சேர்க்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. முப்பது ஆண்டு கற்பித்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில் வெளியே வரும் ஒரு பெண்ணுக்கு, திருச்சபைச் சட்டத்தில் உறுதியாகக் கிடைப்பது அந்த ஒரு வரி மட்டுமே. ஆனால் ஆசிரியப் பணி அவர் பெயரில் இருக்கிறது. மாதச் சம்பளம் அவர் பெயரில் வருகிறது. வருங்கால வைப்பு நிதியும், பணிக்கொடையும், ஓய்வூதியம் உண்டென்றால் அதுவும் அவர் பெயரிலேயே வரும். சம்பளம் சபையுடையதே என்று நீதிமன்றம் ஏற்றிருந்தால், அடுத்த வழக்கில் சபை அவற்றையும் தன்னுடையவை என்று கேட்க வழி இருந்திருக்கும். வரி பிடித்த அதே தீர்ப்பின் மறுபக்கத்தில், அந்தக் கணக்கு அவருடையது என்று எழுதியிருக்கிறது.